பதினான்கு மீட்டருக்கு மேல்

அந்தச் சொல் கடலில் இருந்தது மொத்தம் ஐந்து மணி நேரம், நாற்பத்திரண்டு நிமிடம்.

நண்பகல் பன்னிரண்டுக்குப் போனது. மாலை ஐந்து நாற்பத்திரண்டுக்குத் திரும்பப் பெறப்பட்டது. நடுவில் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. ஏழாம் கடல்பகுதியில் அன்றைக்கு இருந்ததே ஒரு சரக்குக் கப்பல்தான். அதன் கேப்டன் மரியாதை தெரிந்தவர். ஐந்தரை மணிக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது: ‘ஏழாம் பகுதியின் நடுவில் இருக்கிறோம். கடலில் முகம் பார்த்து சவரம் செய்யலாம் போலிருக்கிறது. நீங்கள் சொல்லும் அலை எந்தப் பக்கம் என்று தெரிவித்தால் நல்லது. எங்கள் சமையல்காரர் படம் எடுக்க ஆசைப்படுகிறார்.’

கரையில், கடல் வானிலை அலுவலகத்தில், செய்தியை வாசித்த ரேடியோ அண்ணன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு நண்பகல் அறிக்கையைத் திரையில் எடுத்துப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. ஏழாம் பகுதிக்கு எதிரே ‘ஃபினாமினல்’ என்று இருந்தது.

வெளியில் இந்தச் சொல்லுக்கு மரியாதையே கிடையாது. அந்த அறிக்கையை அனுப்பியவளுடைய அத்தானுக்குக் குளியலறைக் குழாய் புதிதாக மாட்டினாலும் ஃபினாமினல், பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் ஃபினாமினல். இயற்பியல் வகுப்பில் இதன் தாய்ச்சொல்லான ‘ஃபினாமினன்’ என்பதற்கு அவள் ‘நிகழ்வு’ என்றுதான் குறிப்பெடுத்திருந்தாள். கண்ணுக்குத் தெரிகிற எதுவும் நிகழ்வு. தண்ணீர் கொதிப்பது நிகழ்வு, இலைமேல் பனி படிவது நிகழ்வு. அங்கிருந்து கிளம்பிய பெயரடை வழியில் எங்கேயோ ஊதிப் பெருத்து, கடைசியில் அத்தான் வாயில் வந்து விழுந்துவிட்டது.

கடல் வானிலை அலுவலகத்தில் அப்படி இல்லை. அங்கே சுவரில் ஓர் அட்டவணை தொங்குகிறது. கடலின் நிலையைச் சொல்ல மொத்தம் பத்துப் படிகள், பூஜ்யம் முதல் ஒன்பது வரை. பூஜ்யம் என்றால் ‘காம், கிளாஸி’. அலையே கிடையாது, கண்ணாடிபோல. மூன்று என்றால் ‘ஸ்லைட்’, லேசான அலை. நான்கு ‘மாடரேட்’. ஆறு ‘வெரி ரஃப்’. எட்டு ‘வெரி ஹை’. அதற்கும் மேலே, அலையின் உயரம் பதினான்கு மீட்டரைத் தாண்டினால் மட்டும் ஒன்பது. அதுதான் ஃபினாமினல். பதின்மூன்று மீட்டர் தொண்ணூறு சென்டிமீட்டர் அலைக்கு அந்தப் பட்டம் கிடையாது. என்னதான் கெஞ்சினாலும் கிடையாது.

மற்ற ஒன்பது படிக்கும் பக்கத்தில் தமிழ் எழுதியாகிவிட்டது. இதற்கு மட்டும் கட்டம் காலி. ‘பேரலை’ என்றால் அலை தெரிகிறது, திகைப்பு தெரியவில்லை என்று யாரோ ஒருவர் கோப்பில் குறிப்பு எழுதியிருந்தார். ‘பிரமாதம்’ என்றால் துணிக்கடை விளம்பரம்போல் இருக்கிறது என்று இன்னொருவர். கோப்பு தடித்ததுதான் மிச்சம். தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டி வைத்துவிட்டார்கள். முப்பத்தோரு வருடமாகத் தேவைப்படவில்லை.

அந்தப் பத்துச் சொற்களோடு பழகிப் பழகி, அலுவலகத்தில் எல்லோருக்கும் அதுவே பேச்சாகிவிட்டது. தேநீர் ஸ்லைட். கழிப்பறைக் கதவு ரஃப். மேடம் காலையில் மாடரேட், மதியத்துக்கு மேல் ஹை ஆகலாம். மேடம் என்றால் தலைமை முன்கணிப்பாளர். புயல் வந்தாலும் சேலை மடிப்புக் கலையாதவர் என்று பெயரெடுத்தவர். இந்த விளையாட்டில் ஒரே ஒரு கட்டுப்பாடு: ஒன்பதை எதற்கும் கொடுக்கக்கூடாது. ரேடியோ அண்ணனுக்கு இரட்டைக் குழந்தை பிறந்தபோதுகூட வெரி ஹையோடு நிறுத்திக்கொண்டார்கள். அவருக்கு அதில் இன்றைக்கும் வருத்தம்.

அவள் வேலையில் சேர்ந்த மூன்றாம் நாளே அவளுக்கு ‘ஜீரோ’ என்று பெயர் விழுந்துவிட்டது. காம், கிளாஸி. குரல் அப்படி. அவள் பேசினால் எதிரே இருப்பவர் கழுத்தை நீட்டி “என்ன?” என்பார். இரண்டாவது தடவை இன்னும் மெதுவாக வரும். மூன்றாவது தடவைக்கு அவளே “ஒண்ணுமில்ல” என்று சொல்லி முடித்துவிடுவாள். பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லி, நடத்துநருக்குக் கேட்காமல், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்ததெல்லாம் உண்டு.

வாயால் விளையாட முடியாததால் அவள் எழுத்தில் விளையாடினாள். அலுவலக மேஜைகளில் வரிசை எண் பெயிண்டால் எழுதியிருந்தது. அறிக்கைப் படிவத்திலும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை கடல்பகுதிகள். பொருத்தம் தானாக அமைந்துவிட்டது. தினமும் ஒரு வெற்றுப் படிவத்தைத் திறந்து, ஒவ்வொரு மேஜையின் அன்றைய நிலையையும் நிரப்புவாள். வேறு ஒரு சொல்லும் இருக்காது. எண், எதிரே படி. யார் பார்த்தாலும் கடல் அறிக்கை என்றுதான் நினைப்பார்கள். சாயங்காலம் அழித்துவிடுவாள். இது யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு நண்பகலில் நடந்ததும் இதுதான். நிஜ அறிக்கையை அச்செடுத்து அவள் வாசிக்க, ரேடியோ அண்ணன் ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொன்னார். அனுப்புவதற்குமுன் ஒருவர் வாசிப்பதும் இன்னொருவர் திருப்பிச் சொல்வதும் அங்கே சட்டம். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு அவள் திரையைப் பார்த்து அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். திரையில் அப்போது மேலே இருந்தது மற்ற படிவம். கரையோரப் பகுதிகளை ரேடியோ அண்ணன் கையிலிருந்த தாளைப் பார்த்து வானொலியில் வாசித்துவிட்டார். அதனால் படகுக்காரர்களுக்குச் சரியான செய்திதான் போனது. ஆழ்கடல் கப்பல்களுக்குப் போனது அவளுடைய மேஜைகள்.

நல்லவேளையாக அலுவலகமும் அன்று அமைதியாகத்தான் இருந்தது. ஒன்று, ஸ்லைட். இரண்டு, ஸ்லைட். ஐந்து, காம், கிளாஸி, ஏனென்றால் ஐந்தாம் மேஜையில் இருந்த அச்சுப்பொறி உயிரை விட்டிருந்தது. இப்படியே போய், ஏழில்தான் அந்தச் சொல்.

ஏழாம் மேஜை, கூடத்தின் அந்தக் கோடியில், ஜன்னலோரம். அங்கே உட்கார்ந்திருப்பவர் மிதவைக்காரர். கடலில் மிதந்தபடி அலையின் உயரத்தை அளந்து அனுப்பும் மிதவைகளைப் பழுது பார்ப்பவர். அன்றைக்கு அவர் என்ன செய்தார், எதற்காக அவருக்கு ஒன்பது போட்டாள் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மாலை ஐந்தே முக்காலுக்கு மேடம் வந்து நின்றார். சொல்லைத் திரும்பப் பெற்றாகிவிட்டது. கேப்டனுக்கு வருத்தம் தெரிவித்தாகிவிட்டது. இனிக் காரணம் வேண்டும். மறுநாள் காலை பத்து மணிக்குள் திருத்தப் படிவத்தில் எழுதிக் கையெழுத்தாகி மேலிடத்துக்குப் போக வேண்டும்.

பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஏழாம் பகுதி மிதவையிடமிருந்து எண் வரவில்லை என்பதை மேடமே கண்டுபிடித்தார். வாரத்தில் இரண்டு தடவை அது அப்படிக் கண் அசருவது வழக்கம். தூங்கி எழுந்து கிறுக்குத்தனமாக ஓர் எண்ணைத் துப்பியிருக்கும், இந்தப் பெண் அதை அப்படியே நிரப்பியிருப்பாள் என்று அவர் கணக்குப் போட்டார். அவள் வாயைத் திறந்தாள். அதற்குள், நண்பகலில் இயந்திரம்போல் திருப்பிச் சொன்ன வரி எதுவும் நினைவில் இல்லாத ரேடியோ அண்ணன் முந்திக்கொண்டு, வேறு எங்கிருந்து வரும், அந்த மிதவைக்குச் சனி பிடித்து நாளாகிறது என்று பாட்டாகப் பாடிவிட்டார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த ஒரு மூடலில் எல்லாம் நடந்துவிட்டது. ஏழாம் மிதவைமேல் ஏற்கெனவே இரண்டு புகார் உண்டு. ஒரு தடவை அதன்மேல் பறவைக் கூட்டம் குடியேறியது, ஒரு தடவை சங்கிலி முறுக்கிக்கொண்டது. இது மூன்றாவது. மூன்று புகார் வந்த கருவியைக் கரைக்கு இழுத்து வந்து கழித்துக்கட்டிவிட வேண்டும். மறுநாள் பதினொரு மணிக்கு மிதவைக்காரர் படகில் கிளம்ப வேண்டும், போக வர இரண்டு நாள் என்று மேடம் அங்கேயே நின்றபடி உத்தரவு போட்டார்.

மிதவைக்காரர் எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மிதவை அவர் செய்தது. செத்துப்போன இரண்டு மிதவைகளின் உடம்பைப் பிரித்து, எட்டு மாதம் ஒட்டி, ஒன்றாக்கியது.

“ஏழு பொய் சொல்லாது மேடம்,” என்றார்.

“தூங்குமில்ல?”

“தூங்கும். பொய் சொல்லாது.”

மேடம் தன் அறைக்குப் போய்விட்டார்.

அவள் கூடத்தின் குறுக்கே நடந்தாள். தலையைக் குனிந்தே நடக்கிறவளுக்குத் தரை அத்துப்படி. ஒவ்வொன்றும் அறுபது சென்டிமீட்டர் சதுர டைல், அவள் மேஜையிலிருந்து மூன்றாவது வரிசையில் ஒன்று மட்டும் உடைசல். உடைந்த டைலோடு கால் நின்றுவிட்டது. அதற்குமேல் போகத் துணிவில்லை. தலைக்குமேல் மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது.

“கடல் உங்களுக்கு ஒத்துக்காதே,” என்றாள்.

அது ஊரறிந்த விஷயம். மிதவை செய்கிறவருக்குப் படகில் கால் வைத்தால் குடல் வாய்க்கு வந்துவிடும்.

அவர் திருப்புளியைத் துடைத்தபடி, தலையைத் தூக்காமல் சொன்னார். “எலுமிச்சம்பழம் எடுத்துட்டுப் போறேன். போன தடவை அதையும் சேர்த்துத்தான் கடலுக்குக் குடுத்தேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சொல்ல வேண்டியதும் தொண்டைவரை வந்தது. சிரிப்பு மட்டும் வெளியே வந்தது.

வீட்டில் அக்காவிடம் சொன்னாள். அக்கா பல் மருத்துவரிடம் உதவியாளர். வாயைப் பிளந்துகொண்டு பேசுகிறவர்களின் பேச்சே அக்காவுக்குப் புரியும். இருந்தும் இவள் சொன்னதை இரண்டு தடவை சொல்ல வைத்துத்தான் விளங்கிக்கொண்டாள். தட்டுக் கழுவும் சத்தத்துக்கு நடுவே முழுக் கதையும் வந்தது. தப்பு தன்னுடையது என்று சொன்னால் என்ன ஆகும் என்பதும் வந்தது. தகுதிகாண் பருவம் முடிய இன்னும் பதினான்கு நாள்தான். வேலையே போகலாம். சொல்லாவிட்டால் மிதவை போகும்.

“ஒரு மிதவைக்காடி இவ்ளோ முழிக்கிற?”

“அவர் எட்டு மாசமா ஒட்டிச் செஞ்சதுக்கா.”

அக்கா குழாயை மூடினாள். “எவர்?”

அவள் கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

“சரி, அதை விடு. அந்த ஏழுல அப்படி என்னதான்டி பார்த்த? ஒம்போது போடற அளவுக்கு?”

கூடத்திலிருந்து அத்தான், புதிதாக வாங்கிய கதவு மிதியடி ஃபினாமினல் என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு முடிவாகச் சொன்னாள். “நாளைக்குப் பத்து மணிக்குள்ள நீ சொல்லலேன்னா நான் உங்க ஆபீசுக்கு ஃபோன் போட்டுச் சொல்றேன். எனக்குச் சத்தம் நல்லா வரும்.”

அது உண்மை. மருத்துவமனையில் அக்கா “அடுத்த ஆள்” என்று கூப்பிட்டால் எதிர்க் கடையில் இருப்பவரும் எழுந்து வருவார்.

காலை ஒன்பதே காலுக்கு அவள் திருத்தப் படிவத்தை நிரப்பினாள். காரணம் என்ற இடத்தில் மூன்று வரி: ‘பணியாளர் தவறு. வேறு படிவம் அனுப்பப்பட்டது. ஏழாம் மிதவை சரியாக உள்ளது.’ கையெழுத்திட்டு, மேடம் வருவதற்குமுன் அவர் மேஜைமேல் வைத்து, காற்றில் பறக்காமல் கண்ணாடி உருண்டையையும் தூக்கி மேலே வைத்துவிட்டு, தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். எழுத்து மௌனமாக வேலையை முடித்துவிடும் என்று நம்பினாள். பத்தாம் வகுப்பிலிருந்து அப்படித்தான் சமாளித்து வந்திருக்கிறாள்.

ஒன்பது நாற்பதுக்கு மேடம் அந்தத் தாளோடு வெளியே வந்தார். கூடத்தின் நடுவில் நின்றார்.

“வாசி.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“திருத்தமும் அறிக்கைதான். ஒருத்தர் வாசிக்கணும், ஒருத்தர் திருப்பிச் சொல்லணும். எனக்காகச் சட்டம் மாறாது, உனக்காகவும் மாறாது.”

திருப்பிச் சொல்ல வேண்டிய ரேடியோ அண்ணன் துறைமுகத்தோடு தொலைபேசியில் இருந்தார், படகுக்கு நேரம் உறுதி செய்ய. மேடம் சுற்றிப் பார்த்தார். தோளில் பையும் கையில் ஒரு பை எலுமிச்சம்பழமுமாகக் கிளம்பிக்கொண்டிருந்த மிதவைக்காரர் கண்ணில் பட்டார்.

“நீங்க கேளுங்க.”

அவர் தன் மேஜையருகே நின்றபடியே தலையசைத்தார். அவள் தாளை வாங்கிக்கொண்டாள்.

“பணியாளர் தவறு,” என்று வாசித்தாள். அவளுடைய வழக்கமான குரல்தான்.

“பணியாளர் தவறு,” என்றார் அந்தக் கோடியிலிருந்து.

“வேறு படிவம் அனுப்பப்பட்டது.”

“வேறு படிவம் அனுப்பப்பட்டது.”

“ஏழாம் மிதவை சரியாக உள்ளது.”

அவர் பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். எலுமிச்சம்பழங்களை மேஜைமேல் வைத்தார். பிறகுதான் சொன்னார். “ஏழாம் மிதவை சரியாக உள்ளது. நேத்தே சொன்னேன் மேடம்.”

மேடம் அவளிடம் திரும்பி, அந்த வேறு படிவத்தைக் கேட்டார். அவள் திரையில் எடுத்துக் காட்டினாள். எந்தக் கடல் இது என்று அவர் கேட்க, கடல் இல்லை, மேஜைகள் என்று அவள் விளக்க வேண்டியதாயிற்று. ஐந்தை மேடம் ஒப்புக்கொண்டார். ஒன்றையும் ஒப்புக்கொண்டார். இரண்டாவது வரியில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

“இது என் ரூம்தானே?”

“ஆமா மேடம்.”

“ஸ்லைட்டா? நேத்து நான் ரெண்டு பேரை நிக்க வச்சுத் திட்டினேனே.”

“அது பன்னெண்டுக்கு அப்புறம் மேடம்.”

மேடத்தின் உதட்டோரம் ஏதோ அசைந்தது. அது சிரிப்பாக இருக்க வாய்ப்பில்லை என்று அங்கிருந்தவர்கள் பிற்பாடு முடிவு செய்தார்கள். படகை ரத்து செய்யச் சொன்னார். மூன்றாவது புகாரைக் கிழித்துப் போட்டார். அவளுடைய தகுதிகாண் பருவம் மூன்று மாதம் நீளும், அதைத் தானே எழுதி அனுப்பப்போவதாகவும் சொன்னார். நீளும் என்றுதான் சொன்னார், வேலை போனது என்று சொல்லவில்லை.

பிறகு மேடத்தின் விரல் ஏழாவது வரிக்கு இறங்கியது.

“இந்த ஆபீஸ்லேருந்து முப்பத்தோரு வருஷத்துல இந்த வார்த்தை ஒரு தடவைதான் போயிருக்கு. எதுக்குப் போச்சுன்னு பதிவேட்டுல இருக்கணும். என்ன கவனிச்ச?”

அவள் எதையோ முணுமுணுத்தாள்.

“என்ன?” என்றார் மேடம்.

“என்னம்மா?” என்றார் தொலைபேசியை வைத்துவிட்டு வந்த ரேடியோ அண்ணன். இரட்டைக் குழந்தைக்கே கிடைக்காதது எதற்குக் கிடைத்தது என்று அவருக்கும் தெரிந்தாக வேண்டும்.

இரண்டாவது தடவை இன்னும் மெதுவாக வந்தது. ரேடியோ அண்ணன் கழுத்தை நீட்டினார். மேடம் கையைக் காதருகே கொண்டுபோனார். ஏழாம் மேஜைக்காரர் மட்டும் கழுத்தையும் நீட்டவில்லை, கையையும் தூக்கவில்லை. அவர் முகம் காதுவரை சிவந்திருந்தது.

மூன்றாவது தடவைக்கு வழக்கமாக வரும் ‘ஒண்ணுமில்ல’ அவள் நாக்கு நுனிக்கு வந்தது. அதை விழுங்கிவிட்டு எழுந்து நின்றாள்.

“நேத்து பதினொண்ணு இருபது மேடம். மிதவை அளவு எழுதற பலகையில நாலாவது எண் தப்புன்னு இங்க உக்காந்துட்டே சொன்னேன். பக்கத்துல மூணு பேரு இருந்தாங்க. யாரும் திரும்பல. அவர் அங்கேருந்து எழுந்து வந்து, நாலாவது எண்ணைத் திருத்திட்டு, போய் உக்காந்துட்டார்.” குரல் கூடத்தின் எதிர்ச்சுவர்வரை போய்த் திரும்பியது. அவளுக்கே அது வேறு யாருடையதோ போலிருந்தது. “அப்புறம் நான் தரையில டைல் எண்ணிப் பார்த்தேன். இங்கேருந்து அவர் மேஜை வரைக்கும் இருபத்தஞ்சு டைல். பதினஞ்சு மீட்டர் மேடம். அவ்வளவு தூரத்துல இருந்த அவருக்கு நான் சொன்னது ஒரே தடவையில கேட்டுச்சு.”